வாயிற்கதவு இல்லாத விழா

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் துறையில் இருப்பவன் என்ற வகையில் நான் செய்தி சேகரிக்கச் சென்ற கலை, இலக்கிய விழாக்களுக்குக் கணக்கில்லை. மங்கல விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை போர்த்தல், நன்றியுரை என்ற வரிசை எந்த ஊரிலும் மாறுவதில்லை. இவற்றுக்கிடையே எஞ்சும் நேரத்தில் கலையும் மேடையேறும். அழைப்பிதழ் கையில் இருந்தால் விழா தொடங்குவதற்கு முன்னரே செய்தியை எழுதி முடித்துவிடும் ஆற்றல் எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர் பலருக்கு உண்டு.

இவ்விதம் விழாக்களில் சலித்துப்போன ஒருவனையும் எழுதத் தூண்டிய ஒரு விழாவைப் பற்றியே இங்கு குறிப்பிட விரும்புகின்றேன். அங்கு எவரும் விளக்கேற்றவில்லை. எவருக்கும் பொன்னாடை போர்த்தப்படவில்லை. பிரதம விருந்தினர் யார் என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அனைத்துக்கும் மேலாக, அந்த விழாவுக்கு வாயிற்கதவே இல்லை.

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள லூசியானா மாநிலத்தில், லாஃபயெற் என்ற நகரில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதியில் ஐந்து நாட்கள் அது நடைபெறுகின்றது. 'ஃபெஸ்ரிவல் இன்ரர்நஷனல் து லூசியான்' என்பது பெயர். லூசியானா சர்வதேச விழா என்று தமிழில் கூறலாம். 1986இல் இதற்கான அமைப்பு உருவாக்கப்பட்டு, 1987இல் முதலாவது விழா நடந்தது. பிரெஞ்சு மொழி வழங்கும் நாடுகளின் இசையையும் கலைகளையும் ஒரே இடத்தில் கூட்டுவதே நோக்கம். செனகல், மாலி, ஹெயிற்றி, குவாடலூப், கியூபெக், பெல்ஜியம், பிரான்ஸ் என்று பல திசைகளிலிருந்தும் கலைஞர்கள் வருகின்றார்கள். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி லாஃபயெற்றின் சனத்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சத்து 21 ஆயிரம். விழாவின் ஐந்து நாட்களிலும் வந்துபோவோர் மூன்று இலட்சம் அளவில் இருக்கும் என்று ஏற்பாட்டாளர்கள் கூறுகின்றனர். இவர்களில் ஒருவரும் நுழைவுக் கட்டணமாக ஒரு சதமும் செலுத்துவதில்லை.

ஹூஸ்ரன் நகரில் என் தங்கை குடும்பத்துடன் வசிக்கின்றாள். 2023 ஏப்ரலில் நான் அங்கு சென்றிருந்தபோது, லாஃபயெற்றுக்குப் போகலாம் என்று சொன்னவன் அவளுடைய மூத்த மகன்தான். அவனுக்கு அப்போது பதினேழு வயது. பாடசாலை இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசிப்பவன். தமிழ் முழுவதும் விளங்கும், ஆனால் பேசமாட்டான். 'மாமா' என்ற ஒரு சொல்லைத் தவிர அவனிடமிருந்து வேறு தமிழ்ச் சொல்லை நான் கேட்டதில்லை.

ஹூஸ்ரனிலிருந்து கிழக்கு நோக்கி நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தூரம். மாநில எல்லையான சபீன் ஆற்றைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் நெல்வயல்கள் தொடங்கிவிடுகின்றன. அறுவடைக்குப் பின் அதே வயல்களில் நீரைத் தேக்கி, சிங்கி இறாலின் குட்டிபோல் தோன்றும் நன்னீர் இறாலை அங்குள்ள விவசாயிகள் வளர்க்கின்றார்கள். "வன்னிக்கு வந்த மாதிரிக் கிடக்கு அண்ணா" என்றாள் தங்கை. வெயிலும் புழுக்கமும் கூட அவ்வாறுதான் இருந்தன.

அமெரிக்காவின் நெல்வயல் நாட்டில் பிரெஞ்சு மொழிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1682இல் பிரெஞ்சு நாடுகாண் பயணியான லா சால், மிசிசிப்பி ஆற்றின் வழியே கடல்வரை சென்று, அந்தப் பெரும் நிலப்பரப்புக்குப் பதினான்காம் லூயி மன்னனின் பெயரைச் சூட்டினார். பின்னர் அது ஸ்பெயினுக்குக் கைமாறி, மீண்டும் பிரான்சுக்குத் திரும்பி, 1803இல் நெப்போலியனால் 15 மில்லியன் டொலருக்கு அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. நிலத்தை விற்றவர்கள், அதில் வாழ்ந்தவர்களிடம் எதையும் கேட்கவில்லை.

இவர்களில் ஒரு பகுதியினரின் கதை ஈழத்தமிழ் வாசகருக்கு அந்நியமாகத் தோன்றாது. கனடாவின் நொவா ஸ்கோஷியாவும் அதன் அயற்பகுதிகளும் ஒரு காலத்தில் 'அக்காடி' என்ற பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தன. 1713இல் நொவா ஸ்கோஷியா பிரித்தானியர் வசமானது. நிபந்தனையற்ற விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்தார்கள் என்ற காரணத்துக்காக, 1755 முதல் 1763 வரை அந்த மக்களில் பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டோர் கப்பல்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். வீடுகள் எரிக்கப்பட்டன. குடும்பங்கள் சிதறின. நோயாலும் கடலாலும் பல்லாயிரம் உயிர்கள் போயின. எஞ்சியோரில் ஒரு தொகுதியினர் 1764 முதல் லூசியானாவை வந்தடைந்தனர். 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் மேலும் ஏறத்தாழ 1,600 பேர் வந்து சேர்ந்தனர். 'அக்காடியன்' என்ற சொல் திரிந்து 'கேஜன்' ஆயிற்று.

லாஃபயெற் பிரதேசத்தைச் சேர்ந்த வோரன் பெரின் என்ற வழக்கறிஞர், இந்த வெளியேற்றத்துக்குப் பொறுப்பேற்குமாறு கோரி 1990இல் பிரித்தானிய முடியிடம் மனு அனுப்பினார். 2003 டிசம்பரில், கனடாவின் அரசி என்ற வகையில் இரண்டாம் எலிசபெத்தின் பெயரில் ஒரு பிரகடனம் வெளியாயிற்று. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. இழப்பீடும் இல்லை. நடந்தது நடந்ததுதான் என்ற ஒப்புதல் மாத்திரமே இருந்தது. அதற்கே 248 ஆண்டுகள் தேவைப்பட்டன.

லூசியானாவின் பிரெஞ்சு கேஜன் மக்களுடையது மட்டுமன்று. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரும், ஹெயிற்றிப் புரட்சியின் பின்னர் கியூபா வழியாக 1809இல் வந்து சேர்ந்தோரும் அதைப் பேசினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் கிரியோல் மக்கள். அந்த ஊரின் புகழ்பெற்ற 'கம்போ' என்ற குழம்பைச் சோற்றின் மீது ஊற்றித்தான் உண்கின்றார்கள். அதன் பெயர் வெண்டிக்காயைக் குறிக்கும் ஆபிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதைத் தடிப்பாக்கச் சிலர் சேர்க்கும் இலைத்தூள் அமெரிக்கப் பழங்குடிகளான சொக்ரோ மக்களிடமிருந்து பெறப்பட்டது. ஒரு சட்டிக்குள் இத்தனை வரலாறும் கொதிக்கின்றது.

இவ்வளவு ஆழமாக வேரூன்றிய மொழி எவ்வாறு அழிவின் விளிம்புக்குச் சென்றது? யுத்தம் அதைச் செய்யவில்லை. பாடசாலை செய்தது. 1916இல் லூசியானாவில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 1921இல் நிறைவேற்றப்பட்ட மாநில அரசியலமைப்பு, பொதுப் பாடசாலைகளில் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டும் என்று விதித்தது. வீட்டில் ஒரு சொல்லேனும் ஆங்கிலம் கேட்டறியாத பிள்ளைகள் சட்டத்தின் பேரில் பாடசாலைக்கு அனுப்பப்பட்டு, அங்கு வாய் திறந்ததற்காகத் தண்டிக்கப்பட்டனர். பாடசாலை வளவில் பிரெஞ்சு பேசமாட்டேன் என்று நூற்றுக்கணக்கான தடவைகள் எழுதவைத்தார்கள். முழங்காலில் நிற்கவைத்தார்கள். பிரம்பும் இருந்தது.

இதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. விழாவின் இரண்டாம் நாள் பின்னேரம், 'பார்க் இன்ரர்நஷனல்' என்ற பூங்காவின் மேடைக்குச் சற்றுத் தொலைவில், வீட்டிலிருந்து கொண்டுவந்த மடிப்புக் கதிரையில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். நாங்கள் தரையில் அமர இடம் பார்ப்பதைக் கண்டு, தமது பக்கத்தில் நிழல் இருப்பதாகச் சைகை காட்டினார். எங்கிருந்து வருகின்றீர்கள், என்ன மொழி பேசுகின்றீர்கள் என்று விசாரித்தார். இலங்கை, தமிழ் என்றேன். அடுத்த கேள்வியை மிகச் சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் நாட்டில் அந்த மொழியைப் பேசினால் அடிப்பார்களா?"

பாடசாலையில் அடிப்பதில்லை என்று பதிலளித்தேன். மற்ற இடங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை.

பாடசாலையின் முதல் நாளன்று, கழிவறைக்குப் போக வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் எவ்வாறு கேட்பது என்று தெரியாமல், கதிரையிலேயே நனைத்துவிட்டதாக அவர் கூறினார். பிரெஞ்சில் கேட்டிருந்தால் தண்டனை என்று அண்ணன் முன்கூட்டியே எச்சரித்து அனுப்பியிருந்தானாம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய சம்பவம். ஆயினும் அந்த வகுப்பறையின் யன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை நினைவில் வைத்திருந்தார். தாம் திருமணம் செய்து பிள்ளைகள் பிறந்தபோது, அவர்களுடன் ஆங்கிலத்தில் மாத்திரமே பேசுவதென்று மனைவியுடன் சேர்ந்து முடிவெடுத்தாராம். பிள்ளைகளுக்கு விளங்கக்கூடாத விடயங்களைப் பேசவேண்டியபோது மட்டும் கணவனும் மனைவியும் பிரெஞ்சுக்கு மாறினார்கள். தாய்மொழி, பிள்ளைகளுக்கு மறைக்கும் இரகசிய மொழியாயிற்று.

என் மருமகன் ஒரு வார்த்தையும் பேசாமல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு சமூகம் தன் மொழியைத் தானே இகழத் தொடங்கியபின் அதை மீட்பது எளிதன்று. இதில் இசைக்கும் பங்கு உண்டு; என் தொழிலுக்கும் பங்கு உண்டு. 1964இல் நியூபோர்ட் கிராமிய இசை விழாவுக்கு டியூவி பல்ஃபா என்ற கேஜன் வயலின் கலைஞரும் தோழர்களும் அழைக்கப்பட்டபோது, உள்ளூர்ப் பத்திரிகையொன்று கேலி செய்து எழுதியது. இந்தக் கிராமத்து இரைச்சலை வெளியூருக்கு அனுப்பி மானத்தை வாங்க வேண்டுமா என்ற தொனியில் அமைந்திருந்தது அந்த எழுத்து. நியூபோர்ட்டிலோ ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று கரகோஷம் செய்தனர். ஊர் திரும்பிய பல்ஃபா, அந்தக் கைதட்டலின் எதிரொலியைத் தம் மக்களின் காதுகளிலும் கேட்கச்செய்யப் பாடுபட்டார். 1974 மார்ச் 26ஆம் திகதி லாஃபயெற்றின் உள்ளரங்கு ஒன்றில் கேஜன் இசைக்கு மரியாதை செய்யும் நிகழ்ச்சி நடந்தபோது, மழையையும் பொருட்படுத்தாது ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் திரண்டனர். தங்கள் இசை வெட்கத்துக்குரியது என்று கருதியிருந்தவர்கள் தம்மைப்போல் இத்தனை பேர் இருக்கின்றார்கள் என்பதை அன்று கண்ணால் கண்டார்கள்.

அரசும் காலந்தாழ்த்தி விழித்துக்கொண்டது. 1968இல் லூசியானாவில் பிரெஞ்சு மொழியை வளர்ப்பதற்கான மாநில சபை நிறுவப்பட்டது. சுருக்கமாக 'கொடோஃபில்' என்பார்கள். அதன் தலைவர் ஜேம்ஸ் டொமெஞ்ஜோ, முன்னாள் அமெரிக்க கொங்கிரஸ் உறுப்பினர். பாடசாலை அழித்ததைப் பாடசாலையே மீளக் கட்ட வேண்டும் என்பது அவருடைய வாதம். பிரான்ஸ், பெல்ஜியம், கியூபெக் ஆகிய இடங்களிலிருந்து ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டனர்.

இவ்விடத்தில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய ஒரு விபரீதம் நிகழ்ந்தது. வந்த ஆசிரியர்கள் கற்பித்தது பாரிஸ் நகரத்து ஏட்டுப் பிரெஞ்சு. லூசியானாவில் மோட்டார் வாகனத்தை 'ஷார்' என்பார்கள். பாடப்புத்தகத்தில் அது 'வுவாத்தியூர்'. இறாலுக்கு அங்கே 'ஷெவ்ரெற்', புத்தகத்தில் 'கிறெவெற்'. பிள்ளை வீட்டுக்கு வந்து பாட்டியின் பிரெஞ்சைத் திருத்தியது. ஆங்கிலம் தெரியாததற்காக இளவயதில் அவமானப்பட்டவர்கள், முதுமையில் தங்கள் பிரெஞ்சு பிரெஞ்சே அல்ல என்று அவமானப்பட்டார்கள். முதல் அவமானத்தை அந்நியர் செய்தனர். இரண்டாவது அவமானம் மொழியைக் காப்பாற்றப் புறப்பட்டவர்களால் வந்தது. பாரி ஷோன் அன்ஸ்லே போன்ற உள்ளூர் அறிஞர்கள் இதை எதிர்த்து, வீட்டுப் பிரெஞ்சும் மொழியே என்று வாதாட வேண்டியிருந்தது. அவர் தொகுத்து 1980இல் வெளியான 'கிறி சுர் லு பாயு' என்ற கவிதைத் தொகுதி, லூசியானா மக்கள் தம் பிரெஞ்சில் இலக்கியமும் படைக்கமுடியும் என்பதைக் காட்டியது.

லாஃபயெற் விழாவை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் கட்டணமின்மையின் பொருள் விளங்குகின்றது.

விழா தொடங்கிய எண்பதுகளின் நடுப்பகுதியில் எண்ணெய் விலை சரிந்து, எண்ணெய்க் கம்பனிகளை நம்பியிருந்த அந்த நகரம் நொடித்துப்போயிருந்தது. நகர மையம் வெறிச்சோடியது. அந்த நிலையில் உலகத்தை வீதிக்கு அழைத்துவந்து, இலவசமாகக் காட்டத் துணிந்தார்கள். செலவை ஈடுசெய்யும் முறையும் எளிமையானது. விழாவில் விற்கும் குடிபானங்களின் வருமானம், அனுசரணையாளர்களின் உதவி, பெருந்தொகையான தொண்டர்களின் உழைப்பு ஆகியவற்றுடன், ஆண்டுதோறும் புதிதாக வடிவமைக்கப்படும் சட்டையில் குத்தும் சின்னம் ஒன்றையும் விற்கின்றார்கள். அதை வாங்குவது கட்டாயமன்று. ஆனால் வாங்காதவரைக் காண்பது கடினம். பழைய ஆண்டுகளின் சின்னங்களைத் தொப்பி நிறையக் குத்திக்கொண்டு திரிபவர்களும் உண்டு. மழை பெய்தால் வருமானம் போய்விடும். கொவிட் தொற்றுக் காலத்தில் வீதியே இல்லாமற்போய், நிகழ்ச்சிகள் இணையத்துக்கு மாறின. 2022இல் மீண்டும் வீதிக்கு வந்தார்கள். இத்தனை இடர்களுக்குப் பின்னரும் நுழைவுச் சீட்டு என்ற யோசனைக்கு அவர்கள் இடங்கொடுக்கவில்லை.

கட்டணம் இல்லை என்பதை ஏழைகளுக்கான சலுகையாக மட்டும் நான் காணவில்லை. வாயில் இருந்தால் வாயிற்காப்பாளன் இருப்பான். நீ யார், உனக்கு இங்கே என்ன உரிமை என்ற கேள்வி அங்கே தோன்றும். லாஃபயெற்றில் 'ஜெபர்சன்' வீதியை மூடி, இரு முனைகளையும் திறந்துவிடுகின்றார்கள். வேலை முடிந்து வீட்டுக்குச் செல்பவன் இரண்டு நிமிடம் நிற்கின்றான். ஒரு மணித்தியாலம் கழித்தும் நிற்கின்றான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியுமா என்று கேட்பார் இல்லை. தாத்தாவின் மொழியை இழந்த பேரன், அந்த இழப்புக்கு விளக்கம் கூறாமலே அதன் ஓசைக்குள் நுழைந்துவிடலாம்.

மேடைகளில் நான் கண்டவற்றை ஒவ்வொன்றாக விவரிக்க இடமில்லை. மேற்கு ஆபிரிக்கத் தாளத்துக்கும் லூசியானாவின் 'சைடிகோ' இசைக்கும் இடையிலான உறவைப் பற்றி மட்டும் குறிப்பிடுகின்றேன். சைடிகோ கிரியோல் மக்களின் நடன இசை. போஞ்சிக்காயைக் குறிக்கும் 'லெ ஸாரிகோ' என்ற பிரெஞ்சுச் சொற்கள் திரிந்தே அந்தப் பெயர் பிறந்தது என்பார்கள். இதன் மன்னர் என்று போற்றப்படும் கிளிப்டன் ஷெனியே, முதலாவது லூசியானா விழா நடந்த 1987ஆம் ஆண்டிலேயே, டிசம்பரில் காலமானார். அக்கோடியனை அவர் வாசிக்க, அவருடைய சகோதரர் கிளீவ்லண்ட் நெளிதகட்டாலான ஒரு கவசத்தை மார்பில் அணிந்து, போத்தல் திறப்பான்களால் அதை உரசித் தாளமிடுவார். வீட்டுச் சலவைப் பலகையிலிருந்து பிறந்த வாத்தியம் அது. என் மருமகன் அதை வாசித்த ஓர் இளைஞனின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இந்த இசையின் வரலாற்றில் இரத்தமும் உண்டு. அமெடே ஆர்ட்வான் என்ற கறுப்பின அக்கோடியன் கலைஞர், டெனிஸ் மக்கீ என்ற வெள்ளையின வயலின் கலைஞருடன் இணைந்து 1929இல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். இன்றைய கேஜன், சைடிகோ ஆகிய இரு இசைமரபுகளுக்கும் அவரே மூலவர்களில் ஒருவர். வெள்ளையரின் வீட்டு நடனமொன்றில் வாசித்துக்கொண்டிருந்தபோது, முகத்து வியர்வையைத் துடைக்க ஒரு வெள்ளைப் பெண் கைக்குட்டை கொடுத்தாள் என்பதற்காக அவர் கொடூரமாகத் தாக்கப்பட்டார் என்று ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1942இல் ஒரு மனநோய் மருத்துவமனையில் இறந்தார். புதைத்த இடம் அடையாளமின்றிப் போயிற்று. 2018இல் ஓப்பலூசஸ் நகரில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. ஒடுக்கப்பட்ட மொழியினருக்குள்ளும் ஒடுக்கப்பட்டோர் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. எங்கள் ஊர்களில் பறையொலி இல்லாமல் சாவீடும் கோவிலும் நடந்ததில்லை. பறையடித்தவரை முற்றத்துக்கு உள்ளே விட்டதும் இல்லை.

சரி, ஐந்து நாள் விழாவினால் ஒரு மொழி பிழைத்துவிடுமா? பத்திரிகையாளன் என்ற முறையில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. மேடையில் பிரெஞ்சுப் பாடல் ஒலித்தது. மேடைக்குக் கீழே, நான் நின்ற இடங்களில், மக்கள் தமக்குள் பேசியது ஆங்கிலம். பாடல்களின் வரிகளை மனப்பாடமாகச் சேர்ந்து பாடிய பலர், அவற்றின் பொருள் தமக்கு முழுமையாகத் தெரியாது என்று சொன்னார்கள். வீட்டில் பிரெஞ்சு கேட்டு வளர்ந்த தலைமுறை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே செல்கின்றது. 2018இல் லூசியானா, பிரெஞ்சு பேசும் நாடுகளின் சர்வதேச அமைப்பில் பார்வையாளர் தகுதியைப் பெற்றது. பெருமைக்குரியதே. ஆனால் தகுதிப் பத்திரத்தால் எந்தக் குழந்தையும் பேசக் கற்பதில்லை.

நம்பிக்கை தரும் இடம் வேறு. எண்பதுகளில் தொடங்கி, பாடங்களில் பெரும்பாலானவற்றைப் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் வகுப்புகள் லூசியானாவின் பொதுப் பாடசாலைகளில் பரவியுள்ளன. முதியவரின் கொள்ளுப்பேத்தி அவ்வாறான வகுப்பில் படிப்பதாகச் சொன்னார். தம் பிள்ளைகளுடனும் பேரப்பிள்ளைகளுடனும் பேசாத மொழியில் இப்போது அவளுடன் பேசுகின்றாராம். "அவள் என்னைத் திருத்துவதில்லையா?" என்று கேட்டேன். "திருத்துவாள். நானும் அவளைத் திருத்துவேன். எங்களுக்குள் சண்டை நடக்கும்" என்றார். அந்தச் சண்டையைப் பற்றிச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி, பாட்டுக் கேட்டபோது இருந்ததைவிட அதிகம்.

இரவு ஹூஸ்ரனுக்குத் திரும்பும் வழியில், நீண்ட நேரம் மௌனமாக இருந்த மருமகன் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னான். "மாமா, அவரை அடித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்."

தங்கைதான் விளக்கினாள். எட்டு வயதில் ஒரு தமிழ் நிகழ்ச்சியின் பேச்சுப் போட்டியில் அவன் மேடையேறியிருக்கின்றான். இரண்டு வாரங்கள் இரவு பகலாகப் பாடமாக்கிய பேச்சு. ழகரமும் ளகரமும் குழறியிருக்கின்றன. சபை சிரித்தது. நடுவர்களில் ஒருவர், திருத்துவதாக நினைத்து, அவன் உச்சரித்தவாறே உச்சரித்துக் காட்டினாராம். சபை மீண்டும் சிரித்தது. அன்று வாயை மூடியவன்தான். எவரும் கெட்ட எண்ணத்துடன் செய்யவில்லை என்றாள் தங்கை. அது உண்மையாகவே இருக்கும். கொடோஃபில் வரவழைத்த ஆசிரியர்களுக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை.

தமிழுக்கும் லூசியானாப் பிரெஞ்சுக்கும் உள்ள வேறுபாட்டை நான் அறிவேன். தமிழ் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. பல்கலைக்கழகமும் பத்திரிகையும் உள்ள மொழி. அது அழிந்துவிடப் போவதில்லை. ஆனால் ஒரு மொழி உலகத்தில் வாழ்ந்துகொண்டே ஒரு வீட்டுக்குள் இறந்துபோகலாம். புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளில் அது நடந்துகொண்டிருக்கின்றது. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது அதை எதிர்த்து வீதியில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். எந்தச் சட்டமும் இவர்களைத் தடுக்கவில்லை. தமிழ் பேசினால் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஹூஸ்ரனிலோ எவரும் அடிப்பதில்லை. நாம் சிரிக்கின்றோம். 'தமிழைக் கொலை செய்கின்றான்' என்கின்றோம். பிறகு, பிள்ளைகளுக்கு மொழிப்பற்று இல்லை என்று மேடையில் வருந்துகின்றோம்.

வீதியைத் திறந்துவிடுவது நமக்கு இயலாத காரியமன்று. ரொறன்ரோவில் 2015 முதல் தமிழர் தெருவிழா கட்டணமின்றி நடந்திருக்கின்றது. ஆனால் வீதியைத் திறப்பதோடு பணி முடிந்துவிடாது. ழகரம் வராத பிள்ளைக்கும் அங்கே ஒலிவாங்கி கிடைக்க வேண்டும். பாதி ஆங்கிலத்தில் பாடினாலும் பாடி முடிக்கும்வரை சபை பொறுத்திருக்க வேண்டும். திருத்துவதற்கு வீடு இருக்கின்றது, வகுப்பு இருக்கின்றது. அங்கே அந்த முதியவரும் கொள்ளுப்பேத்தியும்போல் சண்டையிட்டுத் திருத்திக்கொள்ளலாம். விழாவின் வேலை வெட்கத்தைப் போக்குவது. வெட்கம் போகாதவரை வகுப்பில் எத்தனை ஆண்டுகள் இருத்தினாலும் பிள்ளை வாய் திறக்காது.

அடுத்த விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிரதம விருந்தினர் உரைக்கு ஒதுக்கிய நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடத்தையேனும் குறைத்து, தமிழ் சரியாக வராத நான்கு பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் தட்டுத்தடுமாறும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் என்ன செய்கின்றார்கள் என்பதைத்தான் அன்றைய செய்தியாக நான் எழுதுவேன்.